காத்தை இறக்கினா மெத்துன்னு ஆகாது: மவுண்டன் பைக் ஏர் ஃபோர்க்கை நாமளே செட் பண்றது எப்படி

ஏர் ஃபோர்க், அதாவது இரும்பு ஸ்ப்ரிங்குக்குப் பதிலா காத்தால இயங்குற முன் சக்கர ஷாக், வச்ச வண்டி வாங்கின முதல் ரெண்டு மாசம் நான் பண்ண காரியம் இதுதான்: கை வலிக்குதா, கொஞ்சம் காத்தை இறக்கு, அப்பவும் வலிக்குதா, இன்னும் கொஞ்சம் இறக்கு. காத்து கம்மியானா ஃபோர்க் தலகாணி மாதிரி ஆயிடும்னு ஒரு நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை இங்க தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கத்துல கிபா கோர்ஜ்ங்கிற பைக் பார்க்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் இறங்கி வந்தேன், ரெண்டு உள்ளங்கையும் செவசெவன்னு ஆயிடுச்சு, டீ கப்பைப் புடிச்சா கை தடதடன்னு ஆடுது. அப்புறம்தான் உக்காந்து அளந்து பார்த்தேன், 140 மில்லிமீட்டர் டிராவல் (அதாவது மொத்தம் அமுங்குற தூரம்) உள்ள ஃபோர்க், நான் சும்மா மேல ஏறி நின்னாலே 50 மில்லி உள்ள போய்க் கெடக்குது. அதாவது மேடு பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே மூணுல ஒரு பங்குக்கு மேல காலி.

இதுல என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்டா, சாதா சைக்கிள் பம்ப் ஒண்ணு எடுத்து அதோட வாயைக் கட்டைவிரலால நல்லா அடைச்சுக்கிட்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்க. முதல் பாதி சுலபமா போகும், அப்புறம் கனக்கும், கடைசி ரெண்டு விரக்கடை கல்லு மாதிரி நிக்கும். ஏர் ஃபோர்க்குக்குள்ள நடக்குறதும் அதேதான். காத்தைக் குறைச்சுட்டா நீங்க எப்பவும் அந்தக் கல்லு மாதிரி இருக்குற பாதிலயே வண்டி ஓட்டுறீங்க, சின்னச் சின்ன கல்லு வேரு எல்லாம் நேரா கைக்கு வருது, போதாக்குறைக்கு வண்டியோட மூக்கு கீழ கவுந்து உடம்பு எடை முழுக்க கை மேல விழுது. அதனால ஸ்மூத்தா போகணும்னா ஃபோர்க் மேல்பாதில நிக்கணும், அதுக்குப் போதுமான காத்து வேணும். நான் கடைசில காத்தை ஏத்தினப்புறம்தான் கை வலி போச்சு, சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

ஃபோர்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. பாதிப்பேர் ஃபோர்க் சரியில்லன்னு திட்டுறது உண்மையில டயர்ல காத்து அதிகமா இருக்குறதுதான், ரோட்டு சைக்கிள் பழக்கத்துல 35, 40 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் அடிச்சு வச்சிருப்பாங்க. நான் 75 கிலோ, 29 இஞ்ச் வீல், 2.4 அகல டியூப்லெஸ் டயர், முன்னாடி 21 பிஎஸ்ஐ பின்னாடி 24, அவ்ளோதான். டியூப் போட்டிருந்தா ரெண்டு மூணு கூட வைக்கணும், இல்லன்னா கல்லுல இடிச்சு டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ரொம்பவும் இறக்கக் கூடாது. நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆளு, மலை இறக்க சைக்கிள் ரேஸ்காரர் கிரெக் மின்னார் 2013ல சொந்த ஊர் உலக சாம்பியன்ஷிப்ல கடைசில பின் டயர் பஞ்சராகியும் ஜெயிச்சாரு, ஆனா அவரு மின்னாரு, நம்ம கதை வேற. டயரை முதல்ல ஒரு அளவுல நிறுத்திட்டு, அப்புறம் ஃபோர்க் வேலை முடியுற வரைக்கும் அதை மாத்தாதீங்க, ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது எதைக் கெடுத்துச்சுன்னே தெரியாது.

தேவையான சாமான் பெருசா ஒண்ணும் இல்ல. ஷாக் பம்ப் ஒண்ணு கண்டிப்பா வேணும், டயருக்கு அடிக்கிற பெரிய பம்ப் இதுக்கு ஆகாது, ஏன்னா ஃபோர்க்குக்குள்ள இருக்குற காத்து அளவுல கொஞ்சம்தான், பெரிய பம்ப்பைச் சொருகினாலே பாதி அதோட ஓஸுக்குள்ள போயிடும், அதோட முள்ளும் ஒவ்வொரு பிஎஸ்ஐயா காட்டாது. அப்புறம் ஒரு ஸ்கேல், ஒரு சின்ன நோட்டு, கூட ஒரு ஆள். காத்து ஏத்துற வால்வ் பெரும்பாலும் நீங்க உக்காந்த வாக்குல ஃபோர்க்கோட இடது கால் உச்சில மூடிக்குள்ள இருக்கும். வலது கால்ல மேல நீலத் திருகு இருந்தா அது கம்ப்ரஷன் (அமுங்குற வேகம்), அடில செவப்புத் திருகு ரீபவுண்ட் (திரும்பி எழுற வேகம்). ஃபாக்ஸ், ராக்‌ஷாக்ஸ் ரெண்டு கம்பெனி ஃபோர்க்லயும் இந்தக் கலர் கணக்குதான்.

ஷாக் பம்ப்பைக் கழட்டும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். நான் பல வாரம் அதை ஃபோர்க்லேர்ந்து காத்து போகுதுன்னு நெனச்சு, போனதுக்கு ஈடா 5 பிஎஸ்ஐ கூட அடிச்சு வச்சேன். அது பம்ப் ஓஸுக்குள்ள மாட்டியிருந்த காத்து, ஃபோர்க்குக்குச் சம்பந்தமே இல்ல. திரும்பச் சொருகிப் பார்த்தா முள்ளு கம்மியா காட்டும், அதுக்குக் காரணமும் ஓஸை நிரப்ப ஃபோர்க்லேர்ந்து கொஞ்சம் காத்து வெளிய வர்றதுதான். அதனால "நேத்து 80 வச்சேன், இன்னைக்கு 75 காட்டுது, லீக்கு"ன்னு பதறாதீங்க. திரும்ப 80க்கு அடிச்சுட்டு கழட்டுங்க, அதான் உங்க 80.

இப்ப காத்து அடிக்கிறது. ஃபோர்க் காலோட பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எடைக்கு எத்தனை பிஎஸ்ஐனு போட்டிருக்கும். பழைய வண்டி வாங்கி ஸ்டிக்கர் உரிஞ்சு போயிருந்தா ஃபாக்ஸ்ல காலுல ஒரு 4 எழுத்துக் குறியீடு இருக்கும், அதை வச்சு கம்பெனி சைட்ல தேடலாம். அந்த நம்பர் ஒரு ஆரம்பம் மட்டும்தான், முடிவு இல்ல. நான் பார்த்தவரைக்கும் ஒரே எடை உள்ள ரெண்டு பேருக்கு 8 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்திருக்கு, ஒருத்தன் பின்னாடி சாஞ்சு ஓட்டுவான், ஒருத்தன் ஹேண்டில்பார் மேல கவுந்து ஓட்டுவான், ஸ்டிக்கருக்கு அது எப்படித் தெரியும். அதோட ஃபோர்க் மேல எழுதியிருக்குற அதிகபட்ச அளவைத் தாண்டி எக்காரணம் கொண்டும் போகாதீங்க.

அடிக்கும்போது ஒரே மூச்சுல 80 வரைக்கும் போயிடாதீங்க, இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. ஏர் ஸ்ப்ரிங்குக்குள்ள ரெண்டு அறை. மேல இருக்குறது உங்களைத் தாங்குற அறை, கீழ இருக்குறது எதிர்ப்பக்கம் இழுத்து ஆரம்ப அமுக்கத்தை லேசாக்குற அறை. நீங்க பம்ப் அடிக்கும்போது காத்து மேல் அறைக்குத்தான் போகுது, கீழ் அறைக்கு அது ஃபோர்க் கொஞ்சம் அமுங்குற இடத்துல இருக்குற ஒரு சின்ன பள்ளம் வழியாத்தான் போகணும். அதனால 40 அடிங்க, பம்ப்பைக் கழட்டாம மெதுவா ஹேண்டில்பாரைப் புடிச்சு ஒரு 10 தடவை அமுக்கி அமுக்கி விடுங்க, முள்ளு தானா இறங்குறதைக் கண்ணால பார்க்கலாம், அதான் கீழ் அறை நிரம்புது. திரும்ப 60, திரும்ப 10 தடவை. அப்புறம் 80, அப்புறமும் 10. காத்தை இறக்கும்போதும் இதே கதைதான், சட்டுன்னு புஸ்ஸுன்னு விட்டா கீழ் அறைல அழுத்தம் அதிகமா நின்னு ஃபோர்க்கை உள்ள இழுத்துப் புடிச்சுக்கும், டிராவல் 140க்குப் பதிலா 130 மாதிரி தெரியும், ஃபோர்க் போச்சேன்னு பயந்துடுவீங்க. கொஞ்சம் விடு, அமுக்கு, கொஞ்சம் விடு, அமுக்கு.

அடுத்தது ஸாக். நீங்க வண்டி மேல ஏறி நின்னதும் உங்க எடைக்கே ஃபோர்க் எவ்ளோ அமுங்குதோ அதுதான் ஸாக். வேகமா மிதிச்சு ஓட்டுற கிராஸ் கண்ட்ரி வண்டிக்கு மொத்த டிராவல்ல 15லேர்ந்து 20 சதவீதம், ஏத்தம் இறக்கம் கலந்து ஓட்டுற ட்ரெயில் வண்டிக்கு 20 பக்கம், கரடுமுரடான இறக்கத்துக்குன்னு வர்ற என்டியூரோ மாதிரி பெரிய வண்டிக்கு 20லேர்ந்து 25. 140ல 20 சதவீதம்னா 28 மில்லி. 160ன்னா 32. சந்தேகம் இருந்தா முன்னாடி கம்மியா வைங்க, பின் ஷாக் 28, 30 சதவீதம் வரைக்கும் இறங்கலாம், ஃபோர்க்கு அப்படி இறங்கக் கூடாது, செங்குத்தா இறங்கும்போது எடை எல்லாம் அது மேலதான் வருது.

அளக்குறதுக்கு நீங்க நிஜமா வண்டி ஓட்டப் போற கோலத்துலயே நிக்கணும். ஹெல்மெட், ஷூ, முட்டி பேடு, முதுகுல தண்ணிப் பை, பைக்குள்ள 2 லிட்டர் தண்ணி, டூல்ஸ், எல்லாம். நான் முதல் தடவை வீட்ல லுங்கியோட அளந்தேன், ட்ரெயிலுக்குப் போறப்ப 4 கிலோ கூடிப்போச்சு. கம்ப்ரஷன் லாக் எல்லாம் முழுசா திறந்து விட்டுடுங்க. மேல் குழாய்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லன்னா ஒரு கேபிள் டையைத் தளர்வா கட்டுங்க. இன்னொரு ஆளை முன் சக்கரத்தைக் காலுக்கு நடுவுல இடுக்கி வண்டியைப் புடிக்கச் சொல்லுங்க. பெடல் ரெண்டும் சமமா, முட்டியும் முழங்கையும் லேசா மடக்கி, இறக்கத்துல நிக்கிற மாதிரி எழுந்து நில்லுங்க, உக்காந்து அளந்தா எடை பூரா பின்னாடி போயிடும், அந்த அளவு எதுக்கும் ஆகாது. ரெண்டு மூணு தடவை குதிக்கிற மாதிரி அமுக்கி ஃபோர்க்கை இளக விடுங்க, அப்புறம் அசையாம நிக்கும்போது அந்த ஆளு வளையத்தைக் கீழ சீல் (மேல் குழாய் உள்ள போற வாய்ல இருக்குற ரப்பர்) வரைக்கும் தள்ளணும். நீங்க அப்படியே மெதுவா இறங்கணும், தொபுக்குன்னு குதிச்சா வளையம் நகர்ந்துடும், திரும்ப முதல்லேர்ந்து.

எனக்கு வண்டி புடிக்கிறது பக்கத்து வீட்டுப் பையன். டர்பன்ல நம்ம ஆளுங்க அதிகம் இருக்குற சாட்ஸ்வொர்த்லேர்ந்து இங்க குடி வந்த குடும்பம். 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து முதல் ஆளுங்களை டர்பன்ல கொண்டாந்து இறக்கிச்சுல்ல, அதுக்கு அப்புறம் வந்த ஏதோ ஒரு கப்பல்ல கரும்புக் காட்டு வேலைக்கு வந்தவங்க வம்சம். அவனுக்குத் தமிழ் அங்கொண்ணு இங்கொண்ணுதான் வரும், ஆனா வளையத்தைத் தள்ளிட்டு "அண்ணா, போதும் இறங்கு"ன்னு சரியா சொல்லிடுவான். 34 மில்லி வந்துச்சுன்னா காத்து கம்மி, 3 பிஎஸ்ஐ ஏத்து. 22 வந்துச்சுன்னா அதிகம், 3 இறக்கு. ஒவ்வொரு தடவையும் 10 அமுக்கு. மூணு தடவை அளந்து மூணும் கிட்டக்கிட்ட வந்தாதான் நம்புங்க, ஒரே ஒரு அளவை வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஸாக் சரியானதும் ரீபவுண்ட். அமுங்கின ஃபோர்க் எவ்ளோ வேகமா திரும்பி மேல வருதுங்கிறதை இந்தச் செவப்புத் திருகு பார்த்துக்குது. பக்கத்துல ஆமை, முயல் படம் போட்டிருக்கும், வலப்பக்கம் திருப்பினா ஆமை, மெதுவா வரும். முழுசா ஆமைப் பக்கம் மூடிட்டு அங்கேர்ந்து எத்தனை கிளிக் திறந்தீங்கன்னு எண்ணுங்க, மொத்தம் 18 இருந்தா 9ல ஆரம்பிங்க. வீட்டு வாசல்ல ஒரு சோதனை: ஹேண்டில்பாரைப் புடிச்சு பலமா அமுக்கி டக்குன்னு கையை எடுங்க, முன் சக்கரம் தரையை விட்டு எகிறுச்சுன்னா ரொம்ப வேகம், ஒரு கிளிக் மூடுங்க. தூக்கக் கலக்கத்துல எழுந்திரிக்கிற ஆள் மாதிரி சோம்பலா வந்துச்சுன்னா ரொம்ப மெதுவு. அடுத்து நடைபாதை விளிம்புலேர்ந்து ரோட்டுக்கு உக்காந்த வாக்குல மெதுவா இறங்குங்க. ஃபோர்க் ஒரு தடவை அமுங்கி ஒரு தடவை எழுந்து நிக்கணும், அதுக்கப்புறம் ஊஞ்சல் ஆடுச்சுன்னா இன்னும் ஒரு கிளிக் மூடுங்க.

வாசல் சோதனையோட நிறுத்தினவங்கதான் பெரும்பாலும் ரீபவுண்டை ரொம்ப மெதுவா வச்சுடுறாங்க, ஏன்னா வாசல்ல மெதுவா இருந்தா நல்லா அடக்கமா, காஸ்ட்லியா தோணும். அதோட குறை எனக்குப் புரிஞ்சது பலிட்டோ பக்கம் ஹோலா ட்ரெயில்ஸ்ல கரும்புக் காட்டு வழில. அங்க லாரி ஓடி ஓடி மண் ரோடு துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியா கெடக்கும். முதல் வரில ஃபோர்க் 30 மில்லி அமுங்குது, முழுசா எழுறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது, இன்னும் 10 உள்ள போகுது, அடுத்தது, அடுத்தது, பத்தாவது வரில ஃபோர்க் அடில போய் நின்னுக்கிட்டு இரும்புக் கம்பி மாதிரி ஆயிடுது. இதை பேக்கிங் டவுன்னு சொல்வாங்க. இதோட அடையாளம் என்னன்னா முதல் ரெண்டு மூணு இடி மெத்துன்னு இருக்கும், போகப் போக கை அதிரும். உடனே நம்ம புத்தி காத்தைக் குறைன்னு சொல்லும், கேக்காதீங்க, ரெண்டு கிளிக் முயல் பக்கம் திறந்து பாருங்க. அதே மாதிரி முதல் இடிலயே முன் சக்கரம் மேல தூக்கி அடிச்சு, வளைவுல பிடிப்பே இல்லாம தவ்வித் தவ்விப் போனா அது அதிவேகம், மூடணும். அப்படிப்பட்ட வரி ரோடு ஒரு 200 மீட்டர் கண்டுபுடிச்சு, அதே வேகத்துல, ரெண்டு ரெண்டு கிளிக்கா மாத்தி மாத்தி அஞ்சாறு தடவை ஓட்டுங்க. இருட்டுறதுக்குள்ள உங்க நம்பர் கெடச்சுடும். நான் 8ல ஆரம்பிச்சு 12ல நின்னேன். இன்னொண்ணு, காத்தை ஏத்தினா ரீபவுண்டையும் கொஞ்சம் மூடணும், ஏன்னா அதிக அழுத்தம் அதிக பலத்தோட திருப்பித் தள்ளும். எடை கம்மியான பசங்களுக்கு, பொண்ணுங்களுக்கு காத்து கம்மி, அதனால ரீபவுண்டை நல்லா திறந்து விடணும். கடைக்காரன் நடுவுல வச்சுக் குடுத்ததை அப்படியே ஓட்டுனா அவங்களுக்கு கை வலிதான் மிச்சம்.

இந்த ஊர்ல இருக்குறவங்களுக்கு வெயிலும் உசரமும் ஒரு தனிப் பாடு. டர்பன்ல வெள்ளிக்கிழமை மதியம் 25 டிகிரில கேரேஜ்ல வச்சு 80 பிஎஸ்ஐ சரியா செட் பண்ணிட்டு, பக்கில (பின்னாடி திறந்த பிக்கப் வேன்) வண்டியைப் போட்டுக்கிட்டு சனிக்கிழமை விடியக்காலைல ஹோவிக் கார்க்லூஃப் காட்டுக்குப் போறீங்க, ஜூலை மாசம், 5 டிகிரி. குளிர்ந்த காத்து சுருங்கும், அந்த 20 டிகிரி இறக்கத்துக்கே 6 பிஎஸ்ஐ போல குறைஞ்சுடும். ஸாக் 28 இருந்தது 32, 33 ஆகிடும், ஆயில் வேற கெட்டியாகி ரீபவுண்ட் மெதுவாகும். அதனால போற இடத்துல வண்டியை இறக்கி அரை மணி நேரம் வெளில நிறுத்தி, அந்தக் குளிருக்குப் பழகினதும் பம்ப் போட்டுப் பாருங்க.

உசரம் அதைவிட விஷமம். ஃபோர்க்கோட அடிக்கால்கள், அதாவது சக்கரத்தைப் புடிச்சிருக்குற கீழ்க் குழாய்கள், ரெண்டும் சீல் போட்ட டப்பா மாதிரி, கடைசியா பிரிச்சு மாட்டின இடத்தோட காத்து உள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். டர்பன்ல கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. ஜோஹன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உசரம், அங்க 12 பக்கம். சானி பாஸ் மலைப்பாதை உச்சி 2,876 மீட்டர், அங்க 10 சொச்சம்தான். மேல போகப் போக வெளில அழுத்தம் குறையுது, உள்ள மாட்டின காத்து உப்புது, சிப்ஸ் பாக்கெட் மலைல ஏறும்போது பலூன் மாதிரி உப்புமே, அதேதான். அந்தச் சின்ன இடத்துல ஃபோர்க் அமுங்கும்போது இந்தக் காத்து ரெண்டாவது ஸ்ப்ரிங் மாதிரி எதிர்த்து நிக்கும், டிராவல் முழுசா கிடைக்காது, சீல் ஓரத்துல ஆயில் கசியும். புது ஃபாக்ஸ் 36, 38 மாடல் பலதுல அடிக்கால் பின்னாடி ஒரு சின்ன பட்டன் இருக்கும், வண்டியை எடை இல்லாம நிறுத்திட்டு அதை அமுக்கினா புஸ்ஸுன்னு வெளிய வந்துடும். 2023லேர்ந்து வந்த ராக்‌ஷாக்ஸ் ஸெப், லிரிக் மாடல் சிலதுலயும் அது மாதிரி இருக்கு. பட்டன் இல்லாத ஃபோர்க்ல சிலபேர் மெல்லிசான கேபிள் டையை சீலுக்கும் குழாய்க்கும் நடுவுல விட்டு காத்தை வெளியேத்துவாங்க. செய்யலாம், ஆனா முனையைத் தேய்ச்சு மழுக்கிட்டு, சீலைச் சுத்தமா தொடச்சுட்டு, மண்ணு ஒரு துளி இருந்தாலும் செய்யாதீங்க. ஸ்க்ரூ டிரைவர் கிட்டயே கொண்டு போகாதீங்க, குழாய்ல கீறல் விழுந்தா ஃபோர்க்கே போச்சு.

ஸாக் சரி, ரீபவுண்ட் சரி, ஆனா ஓட்டிட்டு வந்து பார்த்தா ரப்பர் வளையம் ஒவ்வொரு தடவையும் உச்சி வரைக்கும் போயிருக்கு, ஒரு டங்கு சத்தமும் கேக்குது, அப்பதான் டோக்கன். ஏர் அறைக்குள்ள போடுற பிளாஸ்டிக் துண்டு அது, இடத்தை அடைச்சுக்கிட்டு கடைசிப் பாதியைக் கெட்டியாக்கும், ஆரம்பம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நாள் பூரா ஓட்டி பெருசா ஒரு குதி குதிச்சும் 30, 40 மில்லி மிச்சமே இருந்தா ஒரு டோக்கனை எடுங்க. எனக்கு ரெண்டு போட்டு வந்துச்சு, ஒண்ணை எடுத்ததும் ஃபோர்க் வேற ஜாதி ஆயிடுச்சு. மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி காத்தை முழுசா, சுத்தமா வெளியேத்துங்க, முள்ளு 0 காட்டினாலும் ஃபோர்க்கை அமுக்கி விட்டு வால்வை இன்னொரு தடவை அமுக்குங்க. அழுத்தத்தோட மூடி கழண்டா மூஞ்சிக்கு நேரா வரும், அதனால தலையை மேல கவுக்காதீங்க. சில ராக்‌ஷாக்ஸ் மூடி பின் சக்கரத்து கேசட் (பல்சக்கரக் கொத்து) கழட்டுற டூல்லயே திறக்கும், சிலதுக்கு சாக்கெட் வேணும். திரும்ப மாட்டும்போது ராக்‌ஷாக்ஸுக்கு 28 நியூட்டன் மீட்டர் இறுக்கம், மத்ததுக்கு அதோட மேனுவலைப் பாருங்க, மூடி அலுமினியம், மரை சீக்கிரம் தேயும்.

கம்ப்ரஷன் திருகைப் பத்தி நான் அதிகம் சொல்ல மாட்டேன். முழுசா திறந்து வச்சு ஒரு மாசம் ஓட்டுங்க. பிரேக் புடிச்சா மூக்கு ரொம்ப கவுந்தா லோ ஸ்பீடு திருகை (ஃபோர்க் மெதுவா அமுங்குறதைப் பார்த்துக்குறது) ரெண்டு கிளிக் மூடுங்க. ஹை ஸ்பீடுன்னு தனித் திருகு இருந்தா அது பெரிய கல்லுல டமார்னு மோதும்போது வேலை செய்யுறது, நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் திறந்தே இருக்கட்டும்.

இதெல்லாம் செஞ்சும் ஃபோர்க் ஆரம்பத்துல மக்கர் பண்ணுது, சின்னக் கல்லுக்கு அசையவே மாட்டேங்குதுன்னா காத்துல குறை இல்ல, உள்ள காஞ்சு போச்சு. ராக்‌ஷாக்ஸ் அடிக்கால் சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை பண்ணச் சொல்லுது, ஃபாக்ஸ் 125 மணி நேரம் இல்லன்னா வருசத்துக்கு ஒண்ணுங்குது. வாரம் 3 மணி நேரம் ஓட்டினா 50 மணி நேரம்கிறது நாலு மாசம்தான். எங்க நேட்டால் மாகாணத்தோட செம்மண்ணும் டர்பன் உப்புக் காத்தும் சேர்ந்தா அதுக்கும் முன்னாடியே காட்டிக் குடுத்துடும். நான் ஒரு தடவை ஒரு கடைல சர்வீஸுக்குக் குடுத்தேன், பேரு வேண்டாம், காசும் நல்லா வாங்கினாங்க. வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தா அதே கிர்ருன்னு இருக்கு, சந்தேகப்பட்டு நானே அடிக்காலைக் கழட்டினேன், சீலுக்குக் கீழ ஒரு பஞ்சு வளையம் இருக்கும் பாருங்க, அது மொடமொடன்னு காஞ்சு போய் பழைய மண்ணோட அப்படியே இருக்கு. வெளில துடைச்சுப் பளபளன்னு ஆக்கிக் குடுத்திருக்காங்க. அன்னைலேர்ந்து நானே பண்றேன், பஞ்சை அலசி ஆயில்ல ஊற வச்சு மாட்டி, அடிக்காலுக்குள்ள மேனுவல்ல சொன்ன அளவுக்கு ஆயிலை ஊசி போடுற சிரிஞ்சால அளந்து விட்டா முடிஞ்சுது. அவ்ளோ தைரியம் இல்லாதவங்க ஓட்டுறதுக்கு முந்தின ராத்திரி வண்டியைத் தலைகீழா கவுத்து வைங்க, உள்ள இருக்குற கொஞ்ச ஆயிலாவது பஞ்சுல போய் ஊறும். ஆயில் பிரேக் வண்டியா இருந்தா காலைல நிமித்தினதும் லீவரை நாலஞ்சு தடவை அமுக்கி பிரேக் கெட்டியா இருக்குதான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. கழுவும்போது அதிவேகத் தண்ணியை சீல் மேல அடிக்காதீங்க.

டக்கு டக்குன்னு சத்தம் வந்தா உடனே ஃபோர்க்கைப் பிரிக்காதீங்க. முன் பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு வண்டியை முன்ன பின்ன ஆட்டுங்க, இன்னொரு கை விரலை ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புற பேரிங்) இணையுற இடத்துல வைங்க, அங்க ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட் லூசு, 5 நிமிச வேலை. ஆட்டம் ஃபோர்க் சீல் பக்கத்துல தெரிஞ்சா உள்ள புஷ் (குழாய் வழுக்கிப் போற வளையம்) தேஞ்சிருக்கு, அது கடைக்கு.

நோட்டுல தேதி, ஊர், குளிரா வெயிலா, முன் டயர், பின் டயர், ஃபோர்க் பிஎஸ்ஐ, ஸாக் எத்தனை மில்லி, ரீபவுண்ட் எத்தனாவது கிளிக், டோக்கன் எத்தனை, கை வலிச்சுதா, இவ்ளோதான் எழுதுறேன். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்துவேன். என்னோடது இப்ப 82, 28 மில்லி, 12 கிளிக், 1 டோக்கன். போன வருசம் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே மாதிரி ஒரு நாள் உக்காந்து செட் பண்ணோம், 58 பிஎஸ்ஐ, 15 கிளிக்ல நின்னுச்சு. ஈஸ்டர் லீவு முடிஞ்சு வந்து "அண்ணா, ஃபோர்க் இறங்குது, லீக்கு போல"ன்னான். பம்ப் போட்டுப் பார்த்தோம், ஓஸுக்குப் போற கொஞ்சத்தைத் தவிர 58 அப்படியே இருக்கு. அப்புறம் அவனை எடை மெஷின்ல ஏத்தினேன், 4 கிலோ கூடியிருக்கான், லீவு பூரா அவங்க பாட்டி வீட்ல பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) சாப்பிட்டிருக்கான். 62 அடிச்சு, ரீபவுண்டை ஒரு கிளிக் மூடி அனுப்பினேன்.